நிருபரின் குறிப்புப் புத்தகம்

சென்ற மாதம் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் என்னைத் தேடி ரம்புக்கனைக்கு வந்திருந்தார். 1973, 74ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்களில் நிலவிய பஞ்சத்தைப் பற்றி ஆராய்கிறார். அந்த நாட்களில் நான் கொழும்பு நாளேடொன்றுக்கு இப்பகுதியின் பிரதேச நிருபராக இருந்தவன். என்னிடம் இருந்த பத்திரிகை நறுக்குகளை எடுத்துக் கொடுத்தேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "ஐயா, இதெல்லாம் அச்சில வந்தது. தோட்டத்துக்குப் போனப்போ எழுதின குறிப்புப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு இரண்டு நாட்களாக அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம், நான் ஒருபோதும் சந்தித்திராத, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாண்டுபோன ஒரு வேல்ஸ் நாட்டு நிருபரின் ஞாபகமும் கூடவே வந்தது.

அவர் பெயர் கேரத் ஜோன்ஸ். 1905இல் தென் வேல்ஸின் துறைமுக ஊரான பாரியில் பிறந்தவர் (நம் பறம்புமலைப் பாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை). தந்தை அவ்வூர்ப் பள்ளி அதிபர். தாயார் திருமணத்துக்கு முன் உக்ரைனில் ஒரு வேல்ஸ் குடும்பத்தின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கப் போயிருந்தவர். இன்று நாம் டொனெட்ஸ்க் என்று அழைக்கும் நகரத்தைத் தொழில் நகராக நிறுவிய ஜோன் ஹியூஸின் குடும்பம் அது. தாய் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த மகன் அபெரிஸ்ட்வித்திலும் கேம்பிரிட்ஜிலும் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளைக் கற்றார். 1930இல் முன்னாள் பிரதமர் லொயிட் ஜோர்ஜின் வெளிவிவகார ஆலோசகரானார். 1933 பெப்ரவரியில், ஹிட்லர் பதவியேற்ற சில வாரங்களில், அவருடன் ஒரே விமானத்தில் பறந்து சென்று செய்தி எழுதினார். அப்போது ஜோன்ஸுக்கு வயது இருபத்தேழு.

அடுத்த மாதமே அவர் மொஸ்கோவில் இருந்தார். வெளிநாட்டு நிருபர்கள் உக்ரைனுக்குள் போகக் கூடாது என்பது அப்போதைய கட்டுப்பாடு. ஜோன்ஸ் கார்கிவ் செல்லும் இரயிலில் ஏறி, வழியில் ஒரு சிறு நிலையத்தில் இறங்கிக்கொண்டார். தண்டவாளத்தை ஒட்டி, முதுகுப் பையில் தன் உணவைச் சுமந்தபடி, கிராமம் கிராமமாக நடந்தார். குடியானவர் குடிசைகளில் படுத்தார். ரஷ்ய மொழி தெரிந்ததால் துபாஷி தேவைப்படவில்லை. யாரைக் கேட்டாலும் ரொட்டி இல்லை என்பதே பதில். அந்தப் பதில்களை ஒவ்வொன்றாகச் சிறு குறிப்புப் புத்தகங்களில் எழுதிக்கொண்டார். இரயிலில் ஒரு கம்யூனிஸ்ட் பிரயாணி பஞ்சமே இல்லை என்று வாதாடியபோது, ஜோன்ஸ் தான் தின்றுகொண்டிருந்த ரொட்டித் துண்டொன்றை எச்சிற் கலத்துக்குள் எறிந்தார். உடன் வந்த குடியானவர் ஒருவர் அதை எடுத்து விழுங்கினார். தோடம்பழத் தோலை எறிந்தார். அதையும் எடுத்துத் தின்றார். கம்யூனிஸ்ட் பிரயாணி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

1933 மார்ச் 29ஆம் திகதி பெர்லினில் பத்திரிகையாளரைக் கூட்டி, தான் கண்டதை வெளியிட்டார். இரண்டே நாட்களில் நியூயோர்க் டைம்ஸின் மொஸ்கோ நிருபர் வால்ட்டர் டுராண்டி அதை மறுத்து எழுதினார். மறுப்பின் சாரம் இது: பட்டினிச் சாவு என்று ஒன்றும் இல்லை, ஆனால் போசாக்குக் குறைவால் உண்டாகும் நோய்களால் பலர் இறக்கிறார்கள். அந்த வாக்கியத்தை நான் முதன்முறை படித்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

டுராண்டி அதற்கு முந்தைய ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவர். ஜோன்ஸோ இளைஞர், நிரந்தர நிருபர் அல்லர். மொஸ்கோவிலிருந்த மற்ற நிருபர்களும் அவரைக் கைவிட்டார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் லயன்ஸ், ஜோன்ஸை வீழ்த்துவதில் தங்களுக்கும் பங்கிருந்ததை 1937இல் வெளிவந்த தன் நூலில் ஒப்புக்கொண்டார். அதைப் படிக்க ஜோன்ஸ் உயிருடன் இல்லை. சோவியத் நாட்டுக்குள் மறுபடி நுழைய முடியாதபடி தடை விழுந்ததும், கார்டிஃபில் ஒரு பத்திரிகையில் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். 1934இன் இறுதியில் கிழக்காசியப் பயணம் புறப்பட்டார். 1935 ஓகஸ்டில் உள் மொங்கோலியப் பகுதியில் கொள்ளையர் கையில் சிக்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். உலகம் அவரை மறந்தும் போயிற்று. ஆனால் பாரியிலிருந்த வீடு மறக்கவில்லை. மகன் ஊர் ஊராகச் சென்று வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், குறிப்புப் புத்தகங்கள், நறுக்குகள் யாவற்றையும் அந்தக் குடும்பம் வைத்துக்கொண்டது. பெற்றோருக்குப் பின் சகோதரி அந்த வீட்டில் இருந்தார். 1990 வாக்கில் அந்த வீட்டில் கள்வர் புகுந்தனர். வீட்டை ஒழுங்குபடுத்த வந்த மருமகள் முறையான மருத்துவர் மார்கரெட் சிரியோல் கோலி, பழைய பெட்டிக்குள் இந்தத் தாள்களைக் கண்டார். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவை அங்கே இருந்திருக்கின்றன. தன் ஓய்வுக் காலத்தை அவர் இதற்கே கொடுத்தார். கிறுக்கலான கையெழுத்தைப் படித்துப் படியெடுத்தார், நூல்கள் எழுதினார். 2008இல் உக்ரைன் அரசு ஜோன்ஸுக்கு உயர் விருதொன்றை வழங்கியது. 2009இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அந்தக் குறிப்புப் புத்தகங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று அவை அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அவருடைய கட்டுரைகள் 1933இலேயே அச்சாகிவிட்டவை. பழைய பத்திரிகைத் தொகுப்புகளில் யாரும் தேடி எடுத்திருக்கலாம். அப்படியிருக்க, பெட்டியைத் திறந்த பிறகுதானே ஜோன்ஸ் மீண்டு வந்தார்? கட்டுரை என்பது நிருபரின் முடிவு. முடிவை மறுக்கலாம், மிகைப்படுத்தினார் எனலாம், டுராண்டி சொன்னதும் அதுதான். குறிப்புப் புத்தகத்தில் முடிவு இல்லை. எந்தக் கிராமம், யார் சொன்னது, எந்த வரிசையில் என்பவை மட்டுமே உண்டு. எழுதியவருக்கே அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறதென்று தெரியாத நிலையில் எழுதப்பட்டது அது. அதைப் பொய் என்று சொல்வது கடினம்.

2019இல் அவரைப் பற்றி ஒரு திரைப்படம் வந்தது. அக்னியஸ்கா ஹாலந்து இயக்கியது. நல்ல நோக்கத்தோடு எடுத்த படம்தான். ஆனால் ஜோன்ஸ் அறியாமல் மனித மாமிசத்தை உண்ண நேர்வதாக ஒரு காட்சி அதில் வருகிறது. குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள். அவர் அப்படியொன்றைக் கண்டதாகக் கூட எழுதவில்லை என்றார்கள். எனக்கு இந்த ஆட்சேபம் மிகவும் பிடித்தது. எதிரியின் மறுப்பிலிருந்து மட்டுமல்ல, அபிமானியின் மிகையிலிருந்தும் அவரைக் காப்பாற்ற அவர்கள் கையில் புத்தகங்கள் இருந்தன.

இனி ரம்புக்கனைக்கு வருகிறேன். கண்டிக்குப் போகும் பாதையில் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குமிடம் எங்கள் ஊர். நீராவிக் காலத்தில் மலையேறுவதற்கு இங்கேதான் இரண்டாவது இயந்திரத்தைப் பூட்டுவார்கள். வண்டிகள் நின்று நிதானித்துப் போகும் நிலையம். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்கள், தலைமன்னாரில் கப்பலேறுவதற்காக மலையிலிருந்து இறங்கி, இந்நிலையத்தைத் தாண்டிப் பொல்காவலை வழியாகத்தான் போனார்கள். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். கோச்சி என்றால் எங்கள் வழக்கில் இரயில்.

1973, 74இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. பாணுக்கு விடியற்காலை வரிசை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்லத் தடை. கிராமத்துச் சிங்கள மக்களும் கஷ்டப்பட்டார்கள். அதை மறுப்பது அநியாயம். ஆனால் அவர்களில் பலருக்கு ஒரு துண்டு நிலமும் மரவள்ளியும் ஒரு பலாமரமும் இருந்தன. லயத்தில் இருந்தவருக்குக் கூலியையும் கூப்பனையும் தவிர ஒன்றுமில்லை. கூப்பன் குறைந்தது, விலை ஏறியது, தோட்டத்தில் வாரத்துக்குக் கிடைக்கும் வேலை நாட்களும் சுருங்கின. பெரட்டுக்களத்துக்குப் போய் 'இன்றைக்குப் பேர் இல்லை' என்று திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை. பசித்தவனுக்கு வாக்கு இல்லாவிட்டால் அவன் பசி எந்தச் சபைக்கும் எட்டாது.

அந்த நாட்களில் நான் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், அந்த வாரம் எத்தனை 'பேர்' கிடைத்தது, எத்தனை 'அரைப்பேர்', கடைசியாக எப்போது சோறு சமைத்தார்கள். யாரும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை. தந்தை றப்பர் தோட்டக் கணக்கப்பிள்ளை. அவர் செக்றோல் எழுதுவதைப் பார்த்து வந்த பழக்கம். ரம்புக்கனை நிலையத்தில், பிரயாணிகள் ஜன்னல் வழியே எறிந்த சோற்றுப் பார்சல் இலைகளைத் தோட்டத்துப் பிள்ளைகள் தண்டவாளத்தின் மறுபுறம் நின்று பொறுக்கியதையும், எந்தக் கோச்சி, எத்தனை மணி என்று குறித்து வைத்திருந்தேன். கேரத் ஜோன்ஸின் எச்சிற் கலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அச்சில் வந்தது என்ன? மாணவிக்குக் கொடுத்த நறுக்கைப் பார்க்கிறேன். 'தோட்டப்புறங்களில் உணவுத் தட்டுப்பாடு. மக்கள் அவதி' என்று நான்கு அங்குலச் செய்தி. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்த காலம். ஆசிரியபீடத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டினிச் சாவு என்ற சொல்லை நான் எழுதி அனுப்பினேன். அது நீங்கி வந்தது. மரணப் பதிவுகளில் வயிற்றோட்டம் என்றும் இரத்தசோகை என்றும் இருக்கிறதே, நீ எதை வைத்துப் பட்டினி என்கிறாய் என்று கேட்டார்கள். டுராண்டியின் வாக்கியம் எனக்குப் புதிதாக இல்லை என்றேனே, இதனால்தான்.

எதை வைத்துச் சொன்னேன் என்பது அந்தக் கொப்பிகளில் இருந்தது. பதினொன்றோ பன்னிரண்டோ கொப்பிகள். கட்டிலுக்கடியில் றங்குப் பெட்டியில் கிடந்தன.

1983 யூலை. கொழும்பு எரிகிறது என்று தெரிந்த மறுநாள் மாலை, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவர் வந்து எங்கள் குடும்பத்தைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கட்டாயம் வர வேண்டும் என்று நின்றார். புறப்படுவதற்கு முன் அம்மா றங்குப் பெட்டியைத் திறந்தார். "இம்புட்டுப் பேரோட பேரும் எழுதி வச்சிருக்கியே, யாரு கையில கெடச்சாலும் அதுங்களுக்கும் ஆபத்து, ஒனக்கும் ஆபத்து" என்றார். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தமிழ் இளைஞனின் பெட்டியில் தோட்டவாரியாகப் பெயர்ப் பட்டியல் இருந்தால் அதை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தோம். நான்தான் கிழித்துக் கொடுத்தேன். இதைத்தான் அந்த மாணவியிடம் சொல்லாமல் விட்டேன்.

அம்மா செய்தது தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். கேரத் ஜோன்ஸின் தாயார் மகனின் தாள்களைக் காத்தார். என் தாயார் மகனைக் காத்தார். பாரியில் வீடு புகுந்தவர்கள் கள்வர்கள் மட்டுமே.

ஆனால் எல்லா இழப்பையும் தீயின் தலையில் போட்டுவிட முடியாது. ஜோன்ஸ் ஐரோப்பாவில் அலைந்த அதே ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்குள் புகுந்து எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் நமக்கும் இருந்தார். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார், 1947இல் காலமானார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவரை நாம் ஏறக்குறைய மறந்திருந்தோம். சாரல்நாடன் பழைய பத்திரிகைப் பிரதிகளையும் பிரசுரங்களையும் ஊர் ஊராகத் தேடி 1988இல் நூல் எழுதியிராவிட்டால் இன்றைய தலைமுறைக்கு அப்பெயரே தெரிந்திராது. அந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் சாரல்நாடனுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அச்சானவை. துணி மூட்டையோடு லயத்து வாசலில் உட்கார்ந்த அன்று இரவு நடேசய்யர் என்ன குறித்தார், எந்தப் பெண் எவ்வளவு கடன் என்று சொன்னாள் என்பதை அச்சு நமக்குத் தராது.

நம் வீடுகளில் நகைக்குப் பெட்டி உண்டு, காணி உறுதிக்குப் பெட்டி உண்டு. செத்துப்போன பத்திரிகைக்காரனின் கொப்பிகள் எட்டாம் நாள் கிரியைக்கு முன்பே பழைய தாள்காரனிடம் போய்விடுகின்றன. என் தோழர்கள் மூவரின் வீட்டில் இதைக் கண்ணால் கண்டேன். ஒருவர் முப்பது ஆண்டுகள் நீதிமன்றச் செய்தி எழுதியவர். அவர் மகன் நல்ல பிள்ளை. அலுமாரியைச் சுத்தம் செய்துவிட்டேன் மாமா என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

இப்போது சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2005 முதல் நூலகம் என்ற அமைப்பு இலங்கைத் தமிழ் வெளியீடுகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் ஏற்கிறார்கள். டொரொண்டோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் வாசகர், தம் தகப்பனார் ஊரில் நிருபராகவோ தோட்டப் பள்ளி ஆசிரியராகவோ சங்கக் காரியதரிசியாகவோ இருந்திருந்தால், அந்த வீட்டை விற்பதற்கு முன் ஒருமுறை அலுமாரியைத் திறந்து பார்க்கட்டும். இரண்டு நாள் லீவு போதும்.

ஒரு நியாயமான தயக்கம் உண்டு. கொப்பியில் இருப்பவை பிறருடைய பெயர்கள். நம்பிச் சொன்னவர்கள்; அவர்கள் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். ஆகவே அப்படியே உலகத்துக்குத் திறந்துவிடச் சொல்லமாட்டேன். முப்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம்; ஆவணக் காப்பகங்கள் உலகெங்கும் செய்வதுதான். மூடியிருக்கும் பெட்டி பிறகு திறக்கும். அடுப்புக்குப் போனது திறக்காது.

என்னிடம் 1984க்குப் பிந்திய கொப்பிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. சிலவற்றின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது. 2016இல் அரநாயக்க மலை சரிந்து கிராமங்களை மூடியபோது எழுதிய கொப்பியில் மழை பட்டு மை ஊறி ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை. மாணவியைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் கொண்டுபோகலாம் என்றேன். அடுப்பைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், ஞாபகத்தில் இருப்பதையாவது எழுதித் தர முடியுமா ஐயா என்று கேட்டார்.

ஞாபகம் குறிப்புப் புத்தகம் ஆகாது பிள்ளை, ஐம்பது வருடத்தில் நான் எதைச் சேர்த்தேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது என்றேன். அப்படியென்று மேலே எழுதிவிட்டு எழுதுங்கள் என்றார். நேற்றுக் கடையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். முதற் பக்கத்தில் 'நினைவிலிருந்து' என்று எழுதி, இன்றைய திகதியைப் போட்டேன். தோட்டத்தின் பெயர், லய இலக்கம் வரை தடையில்லாமல் வந்தது. அந்த வாரம் எத்தனை பேர் கிடைத்தது என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.